தெர்மாமீட்டரும் தீட்டும்

மருத்துவக் கொள்கை ஆராய்கிறவர்கள் உலகம் முழுக்க மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருக்கிறார்கள். வைத்தியம் ஜனங்களுக்கு எட்டுகிறதா? எவ்வளவு செலவாகிறது? கிடைக்கிற வைத்தியம் தரமானதா? கமிஷன் அறிக்கை, உலக வங்கி அறிக்கை, பல்கலைக்கழக ஆய்வேடு எதைப் புரட்டினாலும் இந்த மூன்று கட்டங்கள்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் உண்டு. ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர், குடும்பம் எத்தனை ரூபாய் கடன் வாங்கியது, ஆயிரம் குழந்தைக்கு எத்தனை சாவு. நல்ல எண்கள்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த மூன்று கட்டங்களையும் கையில் வைத்துக்கொண்டு 1929-ல் கத்தியவாரில் செத்துப்போன ஒரு பெண்ணின் சாவைப் பார்க்க வேண்டும்.

அந்தச் சாவைப் பற்றிய கடிதம் காந்தியின் 'யங் இந்தியா'வில் 1929 டிசம்பர் 12 அன்று வெளிவந்தது. எழுதியவர் தீண்டப்படாத சாதியில் பிறந்த ஒரு பள்ளி ஆசிரியர். அம்பேத்கர் அதை எடுத்து 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் சுயசரிதைக் குறிப்புகளில் சேர்த்தார். அவர் உயிரோடு இருந்தவரை அந்தக் குறிப்புகள் புத்தகமாக வரவில்லை. 1990-ல்தான் மக்கள் கல்விக் கழகம் அதைச் சிறு நூலாகப் போட்டது.

ஆசிரியரின் மனைவிக்குக் குழந்தை பிறந்தது. இரண்டு நாள் கழித்து உடம்புக்கு முடியாமல் போனது. வயிற்றுப்போக்கு, நெஞ்சில் வீக்கம், மூச்சு விட முடியவில்லை. ஆசிரியர் டாக்டரிடம் ஓடினார். சேரிக்கு வரமாட்டேன், குழந்தையைப் பார்க்கவும் மாட்டேன் என்றார் டாக்டர். ஆசிரியர் ஊர்ப் பெரிய மனுசரான நகர்சேட்டிடமும் தர்பாரிடமும் போய்க் கெஞ்சினார். டாக்டருக்கான இரண்டு ரூபாய் பீஸுக்கு நகர்சேட் ஜாமீன் நின்றார். அதற்குப் பிறகு டாக்டர் வந்தார், ஒரு நிபந்தனையோடு. நோயாளியைச் சேரிக்கு வெளியே தூக்கிவர வேண்டும். பிள்ளை பெற்று ரெண்டு நாளான உடம்பைக் குழந்தையோடு வெளியே கொண்டுவந்தார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். முஸ்லிம் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்தார். திரும்ப அதே வழியில் தெர்மாமீட்டர் டாக்டருக்குப் போனது. டாக்டர் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்றார். போய் மருந்து அனுப்பினார். மறுபடி வந்து பார்க்கச் சொன்னபோது மறுத்துவிட்டார். அந்தப் பெண் செத்துப்போனாள். பழிவாங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் ஆசிரியர் தன் பெயரையும் டாக்டரின் பெயரையும் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். அவை இன்றுவரை தெரியாது.

இப்போது கட்டங்களை நிரப்பிப் பாருங்கள். வைத்தியம் எட்டியதா? எட்டியது, டாக்டர் வந்தார். செலவு? இரண்டு ரூபாய்க்கு வழி கிடைத்தது. தரம்? பட்டம் பெற்ற ஆளின் கையில் வெள்ளைக்காரன் கருவி, நோய்க்கு ஒரு பெயர், மருந்து. மூன்று கட்டத்திலும் சரி என்று குறி போடலாம். சேரிக்கு வெளியே அவளைப் படுக்க வைத்த அந்த நிபந்தனையை எழுத எந்தக் கட்டமும் கிடையாது.

தமிழில் 'தீண்டு' என்றால் தொடு. பாம்பு கடித்தாலும் 'தீண்டிற்று' என்றுதான் சொல்கிறோம். நாடி பார்ப்பது என்றாலே கையைப் பிடிப்பதுதான். தொடுவதில்தான் வைத்தியம் தொடங்குகிறது. தொட்டால் தீட்டு என்று சொல்கிற சமூகத்தில் ஒருத்தன் டாக்டருக்குப் படித்தால் அவன் கையில் எது ஜெயிக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் நம் நாட்டில் பொதுச் சுகாதார வரலாறு எழுத முடியாது. ஆனால் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் இது ஒளிவுமறைவில்லாமல் பெயர்ப்பலகையிலேயே இருந்தது. சென்னைத் திருவல்லிக்கேணியில் இருக்கிற கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரியை வயசானவர்கள் இன்னும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்கிறார்கள். கோஷா என்றால் முகத்திரை. முஸ்லிம் பெண்களுக்காகக் கட்டியது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அதன் முழுப்பெயர் வேறு. 1885-ல் தொடங்கியபோது அது 'காஸ்ட் அண்ட் கோஷா' பெண்களுக்கான விக்டோரியா ஆஸ்பத்திரி. அதாவது சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும். தொடங்கக் காரணமாக இருந்தவர் மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர். முதலில் நுங்கம்பாக்கத்தில் இருந்தது, 1890-ல் இப்போதைய இடத்துக்கு வந்தது. வெங்கடகிரி ராஜா ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்.

ஏன் தனி ஆஸ்பத்திரி? பொதுப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பறையர் பெண்களும் ஏழைக் கலப்பினப் பெண்களும் வந்தார்கள். அந்தக் கட்டிலில், அந்தக் கூரையின் கீழ் படுக்கச் சாதி இந்துப் பெண்கள் சம்மதிக்கவில்லை. அவர்களும் சாகக்கூடாது என்று ஷார்லிப் நினைத்தார். நல்ல மனசுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிரச்சினை எப்படி வரையறுக்கப்பட்டது என்று கவனிக்க வேண்டும். சாதிப் பெண் வர மறுப்பது ஒரு குறை, அதைத் தீர்க்க ராஜா பணமும் ராணி பெயரும் திரண்டன. சேரிப் பெண்ணைத் தொட மறுப்பதும் ஒரு குறை என்று அப்போது யாருடைய கணக்கிலும் வரவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு, 1948-ல் பெயர் கஸ்தூரிபா என்று மாறியது. ஜனங்கள் வாயில் 'கோஷா' மட்டும் தங்கியது, 'காஸ்ட்' உதிர்ந்துவிட்டது. சாதி என்ற சொல் மட்டும் இவ்வளவு சுலபமாக உதிர்ந்துபோகிறது, பாருங்கள்.

பிரசவம் என்பதே சாதியாகப் பங்கு போட்ட வேலைதான். வடக்கே தொப்புள்கொடி அறுப்பது சமார் பெண்களின் வேலை. நம் பக்கம் அம்பட்டர் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சியாகப் போனார்கள். சேரிக்குச் சேரிப் பெண்களே பார்த்துக்கொண்டார்கள். ரத்தமும் கொடியும் தீட்டு, அதனால் கை வைக்கிறவள் கீழ்ச்சாதியாக இருக்க வேண்டும். வெள்ளைக்கார டாக்டர்கள் வந்து, தாய்மார் சாவதற்குக் காரணம் இந்த அறிவில்லாத மருத்துவச்சிகளின் அழுக்குக் கைதான் என்று அறிக்கை எழுதினார்கள். அந்தக் கைக்கு அந்த வேலையை ஒதுக்கியது யார் என்று எழுதவில்லை. இத்தனைக்கும் நம்மிடம் வைத்தியம் படித்தவர்கள் இல்லாமலில்லை. 1907-ல் ராயப்பேட்டையிலிருந்து 'தமிழன்' நடத்திய அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவன ஆஸ்பத்திரிக்கு 2005-ல் அவர் பெயர் வந்தது. அவர் இறந்தது 1914-ல். தொண்ணூறு வருசம் ஆயிருக்கிறது.

சுதந்திரம் வருகிற தறுவாயில் ஜோசப் போர் தலைமையில் ஒரு கமிட்டி உட்கார்ந்தது. 1943-ல் அமைத்தார்கள், 1946-ல் அறிக்கை கொடுத்தது. இந்தியாவின் பொதுச் சுகாதாரத் திட்டங்களுக்கெல்லாம் அதுதான் வேர். பிரிட்டிஷ் இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று அது கணக்குக் காட்டியது. காசு கொடுக்க முடியாத காரணத்தால் யாருக்கும் வைத்தியம் இல்லாமல் போகக்கூடாது என்பதைக் கொள்கையாக வைத்தது. அந்த வாக்கியத்தை மதிக்கிறேன். இன்று இன்சூரன்ஸ் அட்டையைக் காட்டி அரசு தன் பொறுப்பைக் கழற்றிவிடப் பார்க்கும்போது திரும்பத் திரும்ப எடுத்துக்காட்ட வேண்டிய வாக்கியம் அது. ஆனால் அது காசில்லாத காரணத்தை மட்டும்தான் சொல்கிறது. கத்தியவார் பெண் காசில்லாமல் சாகவில்லையே.

இதே காலத்தில்தான் அம்பேத்கர் வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார், 1942 முதல் 1946 வரை. அந்தத் துறைக்காக அடர்க்கர் 1944-ல் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்ததுதான் 1948-ன் ஈ.எஸ்.ஐ. சட்டம். ஆலைத் தொழிலாளிக்கு நோய் வந்தால் வைத்தியமும் கூலியும் உரிமை என்று ஆனது. பெரிய விஷயம். ஆனால் வயலில் நாற்று நடுகிறவளுக்கு அது வரவில்லை. தலித்துகளில் பெரும்பாலோர் எங்கே வேலை செய்தார்கள்? வயலில்தான்.

1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. தீண்டாமையைக் காரணம் காட்டி ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுப்பது குற்றம் என்று அதில் தனியாகவே எழுதியிருக்கிறது. 2015-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது ஆஸ்பத்திரி, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். ஆக, சட்டம் எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் சாதி நிற்கிறது என்று பாராளுமன்றத்துக்கே தெரியும். தெரியாதது திட்டம் போடுகிறவனுக்கு. அவன் அகராதியில் 'கிராமப்புற ஏழை' என்று ஒரு சொல் இருக்கிறது. ஊரும் சேரியும் அதற்குள் ஒன்றாகிவிடும். ஊர்த்தெருவில் துணை சுகாதார நிலையம் கட்டிவிட்டு அந்தக் கிராமத்துக்கு வைத்தியம் எட்டிவிட்டது என்று எழுதிவிடலாம்.

இங்கே கொஞ்சம் கடல் தாண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கறுப்பர் போராட்டத்தை நாம் இலக்கியமாக நிறையப் படித்திருக்கிறோம். 1972-ல் பம்பாயில் தலித் பாந்தர் என்று பெயர் வைத்ததே அவர்களைப் பார்த்துத்தான். ஆனால் அவர்கள் நடத்திய புள்ளிவிவரச் சண்டை நம் கண்ணில் அதிகம் படவில்லை. 1896-ல் ஹாஃப்மன் என்ற இன்சூரன்ஸ் கம்பெனிக் கணக்காளர் ஒரு புத்தகம் எழுதினார். கறுப்பர்கள் அதிகம் சாவது அவர்களுடைய இன இயல்பு, அந்த இனமே அழிந்துபோகும் என்றார். கம்பெனிகள் கறுப்பருக்குப் பாலிசி கொடுக்காமலிருக்க அது வசதியாகப் போச்சு. டூ பாய்ஸ் சும்மா இருக்கவில்லை. 1906-ல் அட்லாண்டா பல்கலைக்கழக ஆய்வு வரிசையில் கறுப்பர்களின் உடல்நலம் பற்றி ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். சாவுக்குக் காரணம் ரத்தமல்ல, வாழ்நிலைமை என்று எண்ணை எண்ணால் உடைத்தார். (1946-ல் அம்பேத்கர் கடிதம் எழுதியது இந்த டூ பாய்ஸுக்குத்தான்.) பிளாக் பாந்தர்கள் துப்பாக்கி தூக்கிய படம் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் ஊர் ஊராக இலவச கிளினிக் நடத்தி, அரசு கண்டுகொள்ளாத சிக்கிள் செல் ரத்த நோய்க்குச் சோதனை செய்தது தெரியாது.

1966 ஜூலையில் முதியோருக்கான மெடிகேர் தொடங்கியபோது, கறுப்பரைத் தனி வார்டில் ஒதுக்கிற ஆஸ்பத்திரிக்கு அரசுப் பணம் கிடையாது என்றார்கள். நூறு வருசமாக மாறாத ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் சில மாதங்களில் வார்டுகளைக் கலந்தன. மனசு மாறியதால் அல்ல, காசு வராது என்றதால். 1985-ல் அரசே வெளியிட்ட ஹெக்லர் அறிக்கை, கறுப்பரும் மற்ற சிறுபான்மையினரும் வெள்ளையரைப் போலவே வாழ்ந்தால் சாகவேண்டியிருக்காத சாவு வருசத்துக்கு 60,000 என்றது. 1999-ல் ஒரு சட்டம். மருத்துவத் தரத்தையும் செலவையும் ஆராய்கிற அரசு நிறுவனம், இனவாரியாக யாருக்கு என்ன வைத்தியம் கிடைத்தது என்று ஆண்டுதோறும் அறிக்கை தரவேண்டும். முதல் அறிக்கை 2003-ல் வந்தது. அதே காலத்தில் அங்கத்திய மருத்துவக் கழகம் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து, வருமானமும் இன்சூரன்சும் சமமாக இருந்தாலும் கறுப்பருக்குக் கிடைக்கிற வைத்தியம் மட்டமாக இருக்கிறது என்று முடிவு சொன்னது. அமெரிக்காவைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 2025-ல் அந்த நிறுவனத்தையே சுருக்கி இன்னொன்றோடு சேர்க்கப்போவதாக அரசு அறிவித்தது, ஆட்களை வெட்டியது. எண்ணுவது அதிகாரத்துக்கு எவ்வளவு உறுத்துகிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இங்கே, இந்தியாவில், எண்ணிப் பார்த்தபோது என்ன வந்தது? 2001, 2002-ல் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றி ஒரு கள ஆய்வு நடந்தது. 2006-ல் புத்தகமாக வந்தது. நூற்றுக்கு 33 கிராமங்களில் சுகாதார ஊழியர்கள் தலித் வீட்டுக்குள் கால் வைக்க மறுத்தார்கள். அரசு சம்பளம், அரசுப் பை, அரசு ஊசி. வாசலோடு சரி.

2010-ல் சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் 200 தலித் குழந்தைகளிடம் கேட்டு எழுதிய ஆய்வு வெளிவந்தது. கத்தியவார் இன்று குஜராத்துக்குள் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அந்தக் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கப்பட்டது 1,298 தடவை. அதில் 1,181 தடவை பாகுபாடு. கையில் படாமல் கொடுப்பது, கொஞ்ச நேரத்தில் அனுப்பிவிடுவது, அதட்டுவது. தெர்மாமீட்டருக்கு ஒரு முஸ்லிம் கை தேவைப்பட்டதே, அதே வேலைதான். இப்போது இடையில் ஆள் கூட வேண்டியதில்லை.

மேடைகளில் ஒரு எண் அடிக்கடி வருகிறது. தலித் பெண் சாதி இந்துப் பெண்ணைவிட 14.6 ஆண்டு முன்னால் சாகிறாள் என்று. 2018-ல் ஐ.நா. பெண்கள் அமைப்பின் அறிக்கையில் வந்த எண் அது. அது ஆயுட்காலம் அல்ல, இறந்தவர்களின் சராசரி வயது. குழந்தைகளும் இளவயதினரும் அதிகமிருக்கிற சமூகத்தில் அந்தச் சராசரி தானாகவே தாழும். எதிரி அதைப் பிடித்துக்கொண்டு நம் வாதம் முழுவதையும் தள்ளிவிடுவான். அதைவிடக் கெட்டியான எண் இருக்கிறது. ஒன்பது மாநிலங்களில் இரண்டு கோடிப் பேரிடம் 2010, 2011-ல் எடுத்த அரசுக் கணக்கை வைத்து 2022-ல் வந்த ஆய்வு. உயர்சாதி இந்துக்களைவிட ஆதிவாசிகளுக்கு நான்கு ஆண்டுக்கு மேல் ஆயுள் குறைவு, தலித்துகளுக்கு மூன்று ஆண்டுக்கு மேல் குறைவு. பணவசதியில் இருக்கிற ஏற்றத்தாழ்வைக் கழித்துப் பார்த்தாலும் இந்த இடைவெளியில் பாதிக்கு மேல் அப்படியே நிற்கிறது. 14.6-ஐவிட மூன்று சின்ன எண்தான். ஆனால் வறுமையை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்களுக்கு, அவர்களில் நம் தோழர்களும் உண்டு, அந்த மிச்சப் பாதி பதில் சொல்லும்.

செலவைச் சொல்லாமல் விடமுடியாது. 1987-ல் உலக வங்கி, ஏழை நாடுகளின் அரசு ஆஸ்பத்திரிகளில் கட்டணம் வாங்கச் சொல்லி ஒரு கொள்கை ஆய்வை வெளியிட்டது. 1993-ல் மனித உயிரின் நோயையும் ஊனத்தையும் ஆண்டுக் கணக்காக்கி எந்த நோய்க்குச் செலவழித்தால் லாபம் என்று பட்டியல் போட்டது. அந்தப் பத்தாண்டில் இங்கே என்ன நடந்தது? 1986-87-ல் படுத்து வைத்தியம் பார்த்தவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 1995-96-ல் அது 44, 45 ஆகக் குறைந்தது. மீதிப் பேர் காசு கொடுத்தார்கள். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஜனங்கள் நேராகத் தங்கள் மடியிலிருந்து கொடுத்தது 2013-14-ல் நூற்றுக்கு 64 ரூபாய், 2021-22-ல் 39 ரூபாய் என்று அரசுக் கணக்கு சொல்கிறது. குறைந்த விதம் பற்றி நிபுணர்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது. கூலிக்காரக் குடும்பத்துக்குத் தெரிந்த கணக்கு வேறே. வட்டி, போன கூலி, ஆட்டோ, வார்டில் குழந்தையைக் காட்டக் கொடுக்கிற காசு.

அந்தக் காசை வாங்குகிற கையைப் பற்றியும் பேசணும். பலசமயம் அது நம்ம ஆள் கைதான். ஆஸ்பத்திரியில் பெருக்குவது, மலம் அள்ளுவது, பிணவறையில் வெட்டித் தைப்பது எல்லாம் யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். ரத்தம் தோய்ந்த துணி தீட்டு என்பதால் அந்தக் காலத்தில் வந்த வேலை, அரசு வேலையாக இருந்தவரை ஒரு பென்சனாவது கொடுத்தது. இப்போது அது ஒப்பந்தக் கம்பெனியிடம் போய்விட்டது. நோயாளியிடம் ஐம்பது ரூபாய் பிடுங்குகிறாள் என்று அவளை மட்டும் காட்டி ஊழல் ஒழிப்பு பேசுகிறவர்கள் அவளுடைய சம்பளச் சீட்டையும் சேர்த்துக் காட்டட்டும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். நாம்தான் முன்மாதிரி என்கிறார்கள். பொய்யில்லை. 1994-ல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது, அதனால் சேரிக்கும் மாத்திரை கிடைத்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. நம்ம பாட்டிமார் மண்தரையில் பெற்றதை நினைத்தால் இது சாதாரணமில்லை. எட்டுகிறதா என்ற கட்டம் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. அதே கணக்கெடுப்பில் நூற்றுக்கு 44.9 பிரசவம் வயிற்றைக் கிழித்து. அரசு ஆஸ்பத்திரியில் 36, தனியாரில் 63.8. தரம் என்ற கட்டத்தில் இதை எப்படி எழுதுவது என்று டாக்டர்களே விவாதிக்கட்டும்.

பிரசவ வார்டில் ஒரு பெண்ணிடம் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டவுடன் பேச்சு எப்படி மாறுகிறது என்பதை எந்தக் கணக்கெடுப்பும் எழுதுவதில்லை. கையில் குழந்தையோடு வெளியே வந்தவளிடம் போய்க் கேட்டால் சொல்லுவாள். வலியில் கத்தினப்ப என்ன சொன்னாங்க, மாத்திரையைக் கையில் கொடுத்தாங்களா மேசையில் வச்சாங்களா, நர்ஸம்மா வீட்டுக்குள்ள வந்து பிள்ளையத் தூக்கிப் பார்த்தாங்களா, இல்லே தெருமுனையில் நின்னு கூப்பிட்டாங்களா? சாதி என்ன என்று கேட்டு எழுதப்போகிறோம் என்று 2025 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்தது. எத்தனை பேர் இருக்கிறோம் என்று அதில் தெரியவரும். யார் நம்மைத் தொட்டார்கள் என்று அதில் வராது. 565 கிராமங்களில் அதைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு நோட்டு, சேரியில் உட்கார்ந்து கேட்கத் தெரிந்த ரெண்டு பேர். நம் கல்லூரிகளில் சமூகப்பணி படிக்கிற மாணவர்கள் வருசா வருசம் கிராம முகாம் போகிறார்கள். கழிப்பறை எத்தனை, ரேசன் கார்டு எத்தனை என்று எண்ணிக்கொண்டு திரும்புகிறார்கள்.